ரத்தம் குடுக்கறதுக்கு முந்தின நாள்

எங்கப்பா குடிக்க மாட்டார். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா, அவருக்கு லிவர் கெட்டுப்போச்சுன்னு சொன்ன உடனே எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியில ஒரு 'ஓஹோ' வரும் பாருங்க, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு யாரையாவது ஒரு அறை விடலாமான்னு ஆயிடுச்சு. பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். கீழ்பென்னாத்தூர் ரூட்டுல பாதி ஆயுசு ஓட்டியிருக்கார். பீடி, சிகரெட், பாக்கு ஒண்ணும் கிடையாது. என்னா ஒண்ணு, நாள் முழுக்க உட்கார்ந்த இடம், டிப்போ வாசல்ல சுடச்சுட போண்டா, சீசன் வந்தா மடி நிறைய வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, இதுக்கெல்லாம் மேல சர்க்கரை. கொழுப்பு கல்லீரல்ல போய் உட்கார்ந்து, வருஷக்கணக்கா சத்தமே போடாம அதைக் காய வச்சிடுச்சு. வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாகி, பாத்ரூமுக்குப் போகவே என் தோளைப் பிடிக்கணும்னு ஆனப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது.

இதுல கொடுமை என்னன்னா, நான் பார்க்கற வேலையே அதுதான். குடிக்காதவங்களுக்கு ஏன் கல்லீரல்ல கொழுப்பு சேருது, அப்படிச் சேர்ந்தவங்களுக்கு ஏன் கடைசியில இதயமும் சேர்ந்து அடி வாங்குதுன்னு கண்டுபிடிக்கற ஆராய்ச்சி. வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸைத் தாண்டி புதுப்புது வீடா எழும்பிக்கிட்டிருக்கற பக்கம், ஒரு கட்டடத்தோட முதல் மாடியில எங்க லேப். நான் டாக்டர் பட்டம் வாங்கினவ, ஆனா ஊசி போடற டாக்டர் இல்ல. இதை எங்க தெருவுக்குப் புரிய வைக்கவே முடியல. "ஊசி போடுவியாம்மா?" "இல்லைங்க." "மாத்திரை எழுதுவியா?" "இல்லைங்க." "அப்புறம் என்னா டாக்டரு நீ?"

ஆனா அந்த வேலை இருக்கே, அதோட ருசி தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். ஒரு மனுஷனோட ரத்தத்தைச் சுத்தற மெஷின்ல வச்சா, சிவப்பு கீழ படிஞ்சு, மேல தேன் கலர்ல தெளிவா ஒண்ணு நிக்கும். அதுக்குள்ள அவரோட கல்லீரலும் இதயமும் பேசிக்கிட்டிருக்கும். அவருக்கே தெரியாத சேதியை நான் கேட்பேன். முதல் தடவை கேட்டப்போ கால் தரையில படல எனக்கு. இன்னிக்கும் மெஷின் 'பீப்'னு கத்தி நம்பர் வர்ற நேரத்துல நெஞ்சு அடிச்சுக்கும்.

சரி, அப்பா கதைக்கு வர்றேன். சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். பெரிய டாக்டர் சுத்தி வளைக்கல. "மாத்து கல்லீரல்தான் வழி. வீட்டுல யாராவது ஒருத்தர் தன்னோடதுல ஒரு பங்கு குடுக்கலாம். குடுத்தவங்களுக்கு அது மறுபடி வளர்ந்துடும். ஆனா ரொம்ப நாள் காத்திருக்க முடியாது." நான் உடனே கையை நீட்டினேன். என் ரத்த வகை அம்மாவோடது, அப்பாவுக்குச் சேராது. அம்மாவும் அதேதான். அப்பா வகையில வீட்டுல இருக்கறது ஒரே ஆளு, என் தம்பி.

தம்பி திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். நாள் பூரா ஸ்டூல்ல உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வச்சு, சின்னச் சின்ன ஸ்க்ரூவைத் திருகிக்கிட்டு இருப்பான். வாய் பேச மாட்டான். நான் பேசறதுல பத்துல ஒரு பங்கு கூடப் பேச மாட்டான். "நான் குடுக்கறேன்க்கா"ன்னு அவன் சொன்னது கூட, ஏதோ சார்ஜர் குடுக்கற மாதிரிதான் சொன்னான்.

அவனுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. ஸ்கேன்ல கல்லீரல் பளிச்சுனு இருந்துச்சு. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. எஸ்.ஜி.ஓ.டி.ன்னு ஒண்ணு இருக்கு, கல்லீரல் அடிபட்டா ரத்தத்துல கசியற பொருள். அது ஜாஸ்தி. நல்லாவே ஜாஸ்தி.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "வைரஸ் இல்ல. கொழுப்பு இல்ல. ஆனா ஏறியிருக்கு. தம்பி, குடிப்பியா?"

"இல்ல சார்."

"நாட்டு மருந்து, லேகியம்?"

"இல்ல சார்."

"ஜிம்முக்குப் போவியா? உடற்பயிற்சி எதாவது?"

"இல்ல சார்."

"காரணம் தெரியாம கை வைக்க மாட்டோம்மா," என்னைப் பார்த்துச் சொன்னார். "கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எடுக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா, இன்னும் ஒரு தடவை பார்ப்போம். அதுக்கு மேல என்னால நம்பிக்கை குடுக்க முடியாது."

திரும்பி வர்ற பஸ்ல தம்பி ஜன்னல் பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே வந்தான். நான் செஞ்சி வரைக்கும் அவனைக் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தேன். கடை வாசல்ல ஏதாவது ஜூஸ் குடிச்சியா, தலைவலி மாத்திரை போட்டியா, யாராவது எதாவது குடுத்தாங்களான்னு. "இல்லக்கா, இல்லக்கா"ன்னு மட்டும்தான் வந்துச்சு.

இந்த நேரத்துலதான் எங்க லேப்ல ஒரு பெரிய கூத்து ஓடிக்கிட்டிருந்துச்சு.

எங்க ஆராய்ச்சிக்கு நோயாளிங்க ரத்தம் மட்டும் பத்தாது. பக்கத்துல வச்சு ஒப்பிட, நல்லா இருக்கறவங்க ரத்தமும் வேணும். நோயாளி கிடைச்சுடுவாங்க. நல்லா இருக்கறவனைத்தான் பிடிக்கவே முடியாது. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு ஊசி?"ன்னு ஓடிடுவாங்க. அதனால நாங்க எல்லாம் உட்கார்ந்து யோசிச்சு, ஊருக்கு ஏத்த மாதிரி ஒரு வழி கண்டுபிடிச்சோம். பௌர்ணமிக்கு மலையைச் சுத்த ஜனம் வருதில்ல? சுத்தி முடிச்சிட்டு, விடிஞ்சதும் ஊருக்கு பஸ் ஏறப் போறவங்ககிட்ட பேசி, சம்மதம் வாங்கி, லேப்புக்குக் கூட்டிட்டு வந்து ரத்தம் எடுக்கறது. அப்புறம் ஒரு காபி, பிஸ்கட். எல்லாம் வயல்ல வேலை செய்யற, கடை வச்சிருக்கற, ஆபீஸ் போற ஜனம். நல்ல மனசு வேற. சாமி கும்பிட்டுட்டு வந்த கையோட ஒரு புண்ணியம்னு கையை நீட்டுவாங்க. எங்க மேடம், அதாவது லேப்புக்குத் தலைவி, "இதை விட நல்ல யோசனை உலகத்துல எந்த லேப்புக்கும் வந்திருக்காது"ன்னு பெருமைப்பட்டாங்க.

எங்க லேப்ல ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆராய்ச்சி ஆரம்பிச்சாலும் முதல் ரத்தம் நம்ம ரத்தம்தான். அடுத்தவங்களுக்கு ஊசி குத்தறதுக்கு முன்னாடி நாம குத்திக்கணும். நானும் அப்பாவுக்காக அம்மா கூட மலையைச் சுத்திட்டு, வீட்டுல குளிச்சிட்டு, நேரா லேப்புக்கு வந்து கையை நீட்டினேன். ஆரணிப் பக்கத்துல இருந்து வர்ற பொண்ணு ஒருத்தி, என் கூட வேலை செய்யறவ, அவதான் எல்லாருக்கும் ஊசி குத்துவா. குத்தறதுக்கு முன்னாடி வரிசையா கேள்வி கேட்பா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போடறீங்களா, ரெண்டு மூணு நாளா உடற்பயிற்சி எதாவது செஞ்சீங்களா. எல்லாரும் "இல்லைங்க, இல்லைங்க, இல்லைங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ரிசல்ட் வந்துச்சு. ஐயோ!

நல்லா இருக்கறவங்கன்னு நாங்க நெனச்ச ஜனத்துக்கு, சி.கே.ன்னு ஒரு பொருள் ரத்தத்துல குபுகுபுன்னு ஏறியிருந்துச்சு. இதயத் தசைக்கு அடிபட்டா கசியற பொருள் அது. எஸ்.ஜி.ஓ.டி.யும் கூடவே ஏறியிருந்துச்சு. மேடம் நாற்காலியில இருந்து எழுந்தே நின்னுட்டாங்க. "நோயே இல்லன்னு நெனக்கிறவங்களுக்கு உள்ளுக்குள்ள இதயமும் கல்லீரலும் சேர்ந்து அடிபடுது! யாரும் பார்க்கல இதை! நாமதான் முதல்ல!" எனக்குப் புல்லரிச்சிடுச்சு. ஆரணிப் பொண்ணு குதிச்ச குதியில பிப்பெட் முனை அடுக்கி வச்சிருந்த டிப் பாக்ஸ் கவுந்து தரை பூரா பிளாஸ்டிக். நாங்க அன்னிக்கு ஓட்டல்ல போய் ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். எந்தப் பத்திரிகைக்கு எழுதலாம், தலைப்பு என்ன வைக்கலாம்னு காபி ஆறி அவலாப் போற வரைக்கும் பேச்சு.

பாதி நெய் ரோஸ்ட்டை அப்படியே தட்டுல வச்சுட்டேன் நான். என் நம்பரும் ஏறித்தானே இருக்கு? அப்போ என் இதயம்? மறுநாளே யாருக்கும் தெரியாம ஒரு கிளினிக்ல போய் ஈ.சி.ஜி. எடுத்துக்கிட்டேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சந்தோஷப்படறதா, ஆராய்ச்சிக்கு நோயாளியா இல்லாமப் போயிட்டோமேன்னு வருத்தப்படறதான்னே தெரியல. அந்தக் கோலத்துல இருந்தேன் நான்.

மேடம் ஒழுங்கான விஞ்ஞானி. "ஒரு தடவை பார்த்தா போதாது, இன்னொரு கூட்டத்துக்கிட்டயும் பார்க்கணும்"னாங்க. கீழ்பென்னாத்தூர்ல ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை முகாம் போட்டு ரத்தம் எடுத்தோம். மெஷின்ல வச்சோம். ஒண்ணும் இல்ல. எல்லார் நம்பரும் சமத்தா கீழ உட்கார்ந்திருந்துச்சு. என் ரத்தத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதுவும் சமத்து. மெஷினைச் சரி பார்த்தோம், கெமிக்கலை மாத்தினோம். நான் மெஷினோட முதுகுல ரெண்டு தட்டும் தட்டினேன். ஒண்ணும் நடக்கல. லேப்பே எழவு விழுந்த வீடு மாதிரி ஆயிடுச்சு.

அந்த வாரமே தம்பியோட ரெண்டாவது ரிப்போர்ட்டும் வந்துச்சு. எஸ்.ஜி.ஓ.டி. முன்னைய விட ஜாஸ்தி.

அன்னிக்கு அப்பா என்கிட்ட, "விடும்மா, அவனுக்கும் எதாவது ஆயிடப் போவுது. நான் ஓட்டின வரைக்கும் போதும்"னாரு. எனக்கு வந்துச்சே கோபம். "நீங்க என்னா பஸ்ஸா ஓட்டறீங்க, டிப்போல போய் விட்டுட்டு இறங்கறதுக்கு?"ன்னு கத்திட்டேன். கத்திட்டு சமையல்கட்டுல போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். அதுவும் இப்படியே வந்துச்சுன்னா எங்கப்பா அவ்ளோதான்.

அடுத்த பௌர்ணமி வந்துச்சு. நம்பர் ஏன் மாறுச்சுன்னு பார்க்க மறுபடியும் அதே மாதிரி ரத்தம் எடுக்கலாம்னு முடிவு. நானும் அம்மாவும் இந்தத் தடவை செருப்பில்லாம மலையைச் சுத்தினோம், அப்பாவுக்காக. காலையில லேப்புக்குப் போனேன். மாடிப்படி ஏறறதுக்குள்ள தொடை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிக்கிச்சு. கைப்பிடியைப் பிடிச்சு இழுத்து இழுத்து ஏறி, ஸ்டூல்ல பொத்துனு உட்கார்ந்து, ஒரு கையை நீட்டிட்டு இன்னொரு கையால தொடையை அமுக்கிக்கிட்டிருந்தேன்.

ஆரணிப் பொண்ணு வரிசையா கேட்டா. "சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"மாத்திரை?"

"இல்ல."

"உடற்பயிற்சி எதாவது செஞ்சீங்களா?"

"இல்ல"ன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே "அம்மாடி"ன்னு தொடையை அமுக்கினேன். அமுக்கின கை அப்படியே நின்னுச்சு.

எனக்குப் பொறி தட்டுச்சு.

அவளைப் பார்த்தேன். அவளும் ராத்திரி மலையைச் சுத்தினவதான், நொண்டி நொண்டிதான் நிக்கறா. "ஏய், நாம நேத்து என்னா செஞ்சோம்?"

"கிரிவலம் போனோம்."

"அது உடற்பயிற்சி இல்லையா?"

அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "கிரிவலம் எப்படிக்கா உடற்பயிற்சி ஆகும்? சாமி கும்பிடறது இல்ல?"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கையில ஊசி ஏறப்போற நேரத்துல சிரிக்காதீங்கன்னு அவ அதட்டறா, எனக்கு அடங்கல. உலகத்துல எந்த ஊர் லேப்பா இருந்தாலும், ராத்திரி பூரா வெறுங்கால்ல அவ்ளோ தூரம் நடந்தவனை 'உடற்பயிற்சி செஞ்சவன்'னு தள்ளி வச்சிருப்பான். எங்களுக்குத் தோணவே இல்ல! கேட்டவங்களுக்கும் தோணல, பதில் சொன்னவங்களுக்கும் தோணல. யாரும் பொய் சொல்லல. பொறந்ததுல இருந்து மலையைச் சுத்தறவனுக்கு அது எப்படிங்க எக்சர்சைஸ் ஆகும்? சி.கே. இதயத்துல மட்டும் இல்ல, கால் தசையிலயும் இருக்கு. எஸ்.ஜி.ஓ.டி.யும் அப்படித்தான், கல்லீரல்ல மட்டும் இல்ல, தசையிலயும் இருக்கு. பழக்கமில்லாத தசையைப் போட்டு வதைச்சா ரெண்டும் ரத்தத்துல வந்து கொட்டும். காலேஜ் படிக்கறப்பவே படிச்ச பாடம்! நாங்க உலகத்துக்குச் சொல்ல இருந்த புது நோய், ஜனத்தோட கால் வலி.

மேடம்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். நொண்டிக்கிட்டே ஓடினேன். அவங்க தலையில கையை வச்சுக்கிட்டு, "எழுதி அனுப்பியிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்"னு சொல்லி, அப்புறம் அவங்களே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் சிரிப்பை நிறுத்திட்டேன். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலயும் இருக்குன்னு என் வாயாலயே இப்பதானே சொன்னேன்? தம்பிக்கு ஏறியிருந்தது அதுதானே? அவனையும் டாக்டர் கேட்டாரே, உடற்பயிற்சி எதாவதுன்னு!

லேப் கோட்டைக் கூடக் கழட்டல. கையில ஒரு ஊசி, ரெண்டு டியூப். ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்ட் போனேன். தம்பி ஒரு செல்போனை வயித்தைக் கிழிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், டெஸ்ட்டுக்கு முந்தின நாள் என்னாடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"கிரிவலம் போனியா?"

"இல்லக்கா." நிஜமாதான் சொல்றான், எனக்குத் தெரியும். ஆனா கண்ணு வேற எங்கயோ போச்சு.

"வேற என்னாடா பண்ணின? சொல்லித் தொலை. அப்பா உயிர்டா!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் மூஞ்சி மாறிடுச்சு. ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சான். "அப்பா உயிருக்காகத்தான்க்கா சொல்லக் கூடாது. வேண்டிக்கிட்டதை வெளியில சொன்னா பலிக்காது. முடியற வரைக்கும் கேட்காத."

எனக்கு அவனை நாலு சாத்து சாத்தலாம்னு வந்துச்சு. ஆனா அவன் கண்ணுல தண்ணி நிக்குது. சத்தம் போட்டா ஆமை மாதிரி ஓட்டுக்குள்ள போயிடுவான். மூச்சை இழுத்து விட்டேன். "சரி. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சட்டையைக் கழட்டு."

"என்னாக்கா?"

"கழட்டுடா! நீ எதையும் வெளியில சொல்லல. நான் பார்த்துக்கிட்டா உன் மேல குத்தம் இல்ல."

தெருவை எட்டிப் பார்த்தான். அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு பட்டனைக் கழட்டினான். ஐயய்யோ! தோள்பட்டை ரெண்டும் தோல் உரிஞ்சு பொருக்கு தட்டியிருக்கு. முதுகுல, இடுப்பெலும்புல, முழங்கையில எல்லாம் பச்சையும் ஊதாவுமா கன்னிப்போய்க் கிடக்கு. எனக்கு உடனே புரிஞ்சுது. அங்கப்பிரதட்சணம். விடியக்காலையில குளத்துல முழுகி, ஈரத்துணியோட கோயில் பிரகாரத்துக் கருங்கல்லுல உருண்டிருக்கான். நாள் பூரா ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கற பிள்ளை! நான் ஒவ்வொண்ணா கேட்கக் கேட்க தலையை மட்டும் ஆட்டினான். டெஸ்ட் நல்லபடியா வரணும்னு ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முந்தின நாள் உருண்டிருக்கான். உருண்டதாலயே ஒவ்வொரு டெஸ்ட்டும் கெட்டுப் போயிருக்கு. முதல் தடவை பத்தலையோன்னு ரெண்டாவது தடவை இன்னும் ரெண்டு சுத்து சேர்த்து உருண்டிருக்கான். நம்பரும் அதுக்கு ஏத்தாப்புல ஏறியிருக்கு.

நான் அந்தக் கடைக்குள்ளயே அவனைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன். "வலிக்குதுக்கா, முதுகை விடு"ன்னான்.

ஊசி போடத்தான் தெரியாது, ரத்தம் எடுக்க லேப்ல பழகியிருக்கேன்; அங்கயே எடுத்து லேப்புக்குக் கொண்டு போனேன். அவன் உருண்டு சில நாள் ஆகியும் சி.கே. இன்னும் உச்சியிலதான் நின்னுச்சு. அந்த நம்பரைப் பார்த்து நானும் ஆரணிப் பொண்ணும் கையைக் கோர்த்துக்கிட்டு ஆடினோம். கெட்டது கல்லீரல் இல்ல! தசை! சென்னை டாக்டருக்கு போன் போட்டேன். முழுசாக் கேட்டார். "ஏம்மா, நான் கேட்டேனே, உடற்பயிற்சி செஞ்சியான்னு?"

"நீங்க உருண்டியான்னு கேட்கலையே சார்"னேன்.

அவர் தம்பியோட பழைய ரிப்போர்ட்டைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "நல்லா ஓய்வு எடுக்கச் சொல்லி, அப்புறம் கூட்டிட்டு வா. இந்தத் தடவை சி.கே.யும் சேர்த்தே பார்க்கறேன்"னார்.

இங்கதான் அடுத்த வம்பு. தம்பி ஓய்வு எடுக்க ஒத்துக்கல. நான்தான் கண்டுபிடிச்சுட்டேனேன்னு இப்போ வாயைத் திறந்தான்: ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் உருளறதாத்தானாம் வேண்டுதல். பாதியில நிறுத்தினா சாமி கோச்சுக்கும், அப்பாவுக்கு எதாவது ஆயிடும்னு பிடிவாதம். நான் எஸ்.ஜி.ஓ.டி.யை விளக்கறேன், சி.கே.யை விளக்கறேன், செல்போன்ல படம் காட்டறேன். "எல்லாம் சரிக்கா, ஆனா சொன்னது சொன்னதுதானே"ங்கறான். வாய் பேசாதவங்க பிடிவாதம் இருக்கே, அதை மெஷின்ல வச்சு அளக்கவே முடியாது.

கடைசியில நான் சொன்னேன். "சரி, உருளணும், அவ்ளோதானே? நான் உருளறேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே நாம? சாமிக்கு யாரு உருண்டாலும் ஒண்ணுதான்."

அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "உன்னால முடியுமா?"ன்னு கேட்டான். அதுல வந்த ரோஷத்துலதான் உருண்டேன்னு வச்சுக்குங்களேன்.

மூணாவது டெஸ்ட்டுக்கு முந்தின நாள் விடியக்காலையில, சுடிதார்ல, துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, சொட்டச் சொட்ட ஈரத்தோட கருங்கல்லுல படுத்தேன். அம்மாவுக்கு அப்பதான் விஷயமே தெரியும். அவங்க குனிஞ்சு குனிஞ்சு என்னைத் தள்ளிவிட, தம்பி கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நடந்து வந்தான், எதையும் தூக்கக் கூடாது, ஓடக் கூடாதுன்னு என் உத்தரவு. பாதி தூரத்துலயே கோபுரம் கீழயும் நான் மேலயும் போயிட்டேன். தலை கிறுகிறுன்னு சுத்துது, குமட்டுது, எலும்பு ஒவ்வொண்ணும் கல்லுல டொக்கு டொக்குனு இடிக்குது. "போதும்டி"ங்கறாங்க அம்மா. "தள்ளும்மா நீ"ன்னு நான். வேண்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். அவன் நம்பர் இறங்கணும். என்னோடது எவ்ளோ வேணா ஏறட்டும், பரவால்ல.

மறுநாள் தம்பியும் அம்மாவும் சென்னை போனாங்க. எனக்கு எழுந்து நிக்கவே முடியல, ஆனா லேப்புக்குப் போகாம இருக்க முடியுமா? ஆட்டோவுல போய் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, ஆரணிப் பொண்ணுகிட்ட கையை நீட்டினேன். மெஷின் 'பீப்'னுச்சு. என் சி.கே. கூரையைப் பிச்சுக்கிட்டு நின்னுச்சு. எஸ்.ஜி.ஓ.டி.யும் ஜாஸ்தி, அச்சு அசல் தம்பியோட பழைய ரிப்போர்ட் மாதிரியே. அதைப் பார்த்துக்கிட்டிருக்கும்போதே போன் அடிச்சுது. தம்பி.

"அக்கா, எல்லாம் கம்மியாயிடுச்சாம். எடுத்துக்கறாங்களாம்."

அவ்ளோதான் பேசினான். நான் என்னா பேசினேன்னு எனக்கு நெனப்பு இல்ல. மேடம் ஓடி வந்து, தரையில உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்த என்னையும், என் ரிப்போர்ட்டையும் பார்த்து, எனக்குத்தான் எதாவது ஆயிடுச்சுன்னு தண்ணி தெளிச்சாங்க.

ஆபரேஷன் நடந்துச்சு. அதைப் பத்தி எழுத எனக்கு இன்னும் கை வரல. ரெண்டு பேரையும் ரெண்டு ரூமுக்குள்ள அனுப்பிட்டு வெளியில உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் வெளியில வந்தாங்க. அது போதும். தம்பிக்குக் கல்லீரல் மறுபடி வளர்ந்துச்சு, கடையைத் திறந்தான். அப்பாவை வீட்டுலயே வச்சு, சுத்தமா பார்த்துக்கிட்டோம். லேப்ல கேள்வியை மாத்திட்டோம். இப்பல்லாம் ஆரணிப் பொண்ணு, "கிரிவலம் போனீங்களா? உருண்டீங்களா? காவடி எடுத்தீங்களா? தேர் இழுத்தீங்களா?"ன்னு வரிசையா கேட்பா. ஜனம் சந்தோஷமா, "ஆமாங்க, ஆமாங்க"ன்னு விவரமா சொல்றாங்க. அதை வச்சே ஒரு கட்டுரையும் எழுதினோம். பெரிய பத்திரிகை இல்ல. எங்களுக்கு அது பெருசுதான்.

போன மாசம் ஒரு நாள் சென்னையில இருந்து போன். அப்பாவோட மாசாந்திர ரத்தத்துல எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்காம். "உடம்பு புதுக் கல்லீரலை ஏத்துக்காம தள்ளுதோ என்னவோ. உடனே கூட்டிட்டு வாங்க."

லேப்ல எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா கட்டில்ல சாய்ஞ்சு டி.வி. பார்த்துக்கிட்டிருந்தார். மூஞ்சி தெளிவா இருக்கு. கண்ணு வெள்ளையா இருக்கு. ஆனா நல்ல வெயில்ல காலை மட்டும் போர்வையால இழுத்து மூடியிருக்கார். பக்கத்துல தம்பி உட்கார்ந்து, மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டிருக்கான்.

"அப்பா, ரத்தம் குடுக்கறதுக்கு முந்தின நாள் எங்க போனீங்க?"

"நான் எங்கம்மா போனேன்? இங்கதான்."

தம்பியைப் பார்த்தேன். அவன் மோட்டுவளையை விட்டு இறங்கவே இல்ல.

போய் போர்வையை ஒரே இழு. உள்ளங்கால் ரெண்டும் கொப்புளம். சிலது உடைஞ்சு, சிலது உடையாம, விரல் நுனியெல்லாம் தோல் வழண்டு போயிருக்கு. முழு மலையையும் சுத்தியிருக்கார். வெறுங்கால்ல. பாத்ரூமுக்குப் போக என் தோளைத் தேடின கால்.

திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன், சத்தியமா. ஆனா அந்தக் காலை மடியில தூக்கி வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். "கூசுதும்மா, விடு"ன்னார் அப்பா.

லேப்ல சி.கே. பார்த்தேன், எதிர்பார்த்த மாதிரியே ஏறியிருந்துச்சு. இருந்தாலும் டாக்டர் நேர்ல பார்க்கணும்னார், மூணு பேரும் போனோம். ஸ்கேன் எடுத்து, வயித்தை அமுக்கிப் பார்த்து, எல்லாம் நல்லா இருக்குன்னார். அப்புறம் பேனாவை எடுத்துக்கிட்டு வழக்கமா கேட்கறதைக் கேட்டார்.

"பெரியவரே, உடற்பயிற்சி எதாவது செஞ்சீங்களா?"

அப்பா கொஞ்சம் கூட யோசிக்கல. "இல்லைங்க"ன்னார்.

நானும் தம்பியும் ஒரே நேரத்துல கத்தினோம். "செஞ்சார் டாக்டர்!"